உப்பு வராத மே மாதம்

ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் விபத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பிறகு வேகம். அதற்கப்புறம், நீராவி எஞ்சினில் நிஜமாகவே அவ்வளவு சூடு இருக்குமா என்பது. இதற்கெல்லாம் பலமுறை பதில் சொல்லியாயிற்று. யாரும் கேட்காத ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன். எஞ்சின் பக்கமே போகாமல், ஒரு மலையின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் ரயில்வேயைத் தெரிந்துகொண்ட நாட்களைப் பற்றி.

எழுபத்து நான்காம் வருஷம், மே மாதம். நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். நீங்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் ஜவ்வாது மலைக்கு மேற்கே ஒரு ஜங்ஷனில், லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். கரி அள்ளிப் போடுகிற வேலை. ஏறினால் எப்போது இறங்குவோம் என்று தெரியாது. வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது எங்கள் கோரிக்கைகளில் ஒன்று. எனக்குக் கல்யாணமாகி ரயில்வே குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. மனைவி வசந்தா. கைக்குழந்தை.

வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே கைது ஆரம்பித்துவிட்டது. பெயர் தெரிந்த ஆட்களை வீட்டிலேயே வந்து அள்ளினார்கள். மற்றவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது, பிடிபட்டால் எஞ்சினில் ஏற்றிவிடுவார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். எங்கே போவது? ஷெட்டுக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையில் புளி மூட்டை ஏற்ற வரும் வாணியம்பாடி வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். காதர் பாய் என்று கூப்பிடுவோம். மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி, வடக்கே வேகனில் அனுப்புகிறவர்.

"ஜீப்புல ஏறு. மேல ஒரு குடும்பம் கீது, நம்ம புளிக்குக் காவல் இருக்கற ஆளுன்னு சொல்லி விட்டுட்டு வர்றேன்" என்றார். "வாரத்துக்கு ஒருக்கா வருவேன். வூட்டு சேதியும் கொணாறேன்."

ஜீப் போகிற வரை போய், பிறகு நடந்தோம். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், மலையின் மேற்கு விளிம்பை ஒட்டி நாலைந்து வீடுகள். அதில் ஒன்று ஆண்டியப்பனுடையது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி சின்னப்பொண்ணு. சாமையும் கேழ்வரகும் போட்டிருந்தார்கள். முற்றம் நிறையப் புளி காய்ந்துகொண்டிருந்தது. பாய் என்னைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்படிப் போனவர் திரும்பி வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று புரிய எனக்குச் சில நாளாயிற்று. வேகன் ஓடவில்லை. வேகன் ஓடாவிட்டால் அவர் புளி வாங்கி என்ன செய்வார்? புளி வாங்காவிட்டால் ஜீப்புக்கு மலையில் என்ன வேலை? என் செய்தி வருகிற வழியை நானே அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தனிமையை உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இன்றைக்கு உங்கள் எல்லோர் சட்டைப் பையிலும் போன் இருக்கிறது. அங்கே ரேடியோகூடக் கிடையாது. காலையில் புளி உடைக்க உட்காருவேன். ஓட்டை நீக்கி, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பேன். ஆண்டியப்பன் அதிகம் பேசுகிறவர் இல்லை. நானும் வாயைத் திறந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைக்குப் பால் கிடைத்ததா, வீட்டுக்குப் போலீஸ் வந்ததா, நண்பர்கள் யார் உள்ளே, யார் வெளியே, ஒன்றும் தெரியாது. வேலைநிறுத்தம் நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதே தெரியாது. ஊருக்கெல்லாம் முடிந்துபோய் நான் மட்டும் மலையில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறேனோ என்று ஒருநாள் தோன்றியது.

விளிம்பில் ஒரு பாறை இருந்தது. அங்கே நின்றால் கீழே திருப்பத்தூர்ப் பக்கத்துச் சமவெளி தெரியும். ரயில் பாதை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முதல் சில நாட்கள் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் புகை கிளம்பியது. உற்றுப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, உருண்டு உருண்டு வந்தது. நெருப்பு பிடிக்கும் முன்பே கரியைக் குவிக்கிறான், வேலை தெரியாதவன். வெளியாளை வைத்து ஒரு வண்டியை நகர்த்துகிறார்கள். அப்படியானால் நம் ஆட்கள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கரும்புகையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு புகை. வெளிறிய சாம்பல் நிறம், சீராகப் போனது. வேலை தெரிந்த கை. நம்மில் யாரோ ஏறிவிட்டார்கள்.

இதற்கிடையில் அந்த வீட்டில் உப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மலைக்காரர்கள் வெளியிலிருந்து வாங்குவது கொஞ்சம்தான். துணி, மண்ணெண்ணெய், உப்பு. கேழ்வரகும் கீரையும் அங்கேயே கிடைக்கும், உப்பு கிடைக்காது. அது சமையலுக்கு மட்டும் வேண்டியதும் அல்ல. கொட்டை எடுத்த புளியை உப்புப் போட்டு மிதித்து அடைத்தால்தான் அது நிற்கும். இல்லையென்றால் கோடை மழை ஒன்று பெய்ததும் ஈரம் ஏறிப் புழு வைத்துவிடும். அந்த வருஷத்துப் புளி முழுவதும் வீட்டுக்குள் குவிந்திருந்தது. சந்தைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார். கடைக்காரன் உப்பு இல்லை என்கிறானாம். கடற்கரைப் பக்கத்திலிருந்து உப்பு வேகன் வரவில்லையாம்.

உப்பு வேகன் எனக்குத் தெரியாததா? எத்தனை முறை அந்த வண்டிக்குக் கரி போட்டிருக்கிறேன். அதன் கடைசி வேகனோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம் மூட்டை, மாட்டுவண்டி, பிறகு ஒரு தலை, பிறகு இந்த அடுப்பு என்று அது மேலே ஏறி வருவதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு காலை, காட்டிலாகாவின் வாட்சர் ஒருவர் வந்தார். முற்றத்தில் நான் புளி உடைத்துக்கொண்டிருந்தேன். "ரயிலு ஆளுங்க யாரானா மேல வந்தாங்களா? போலீஸ்ல கேக்கறாங்க. இவனுங்கதான் வண்டிய நிறுத்திட்டானுங்க, அதாங்காட்டி உப்பு வர்ல" என்றார். ஆண்டியப்பன் இல்லையென்று தலையாட்டினார். வாட்சர் என்னைப் பார்த்தார். "பாய் வச்ச கணக்குப்பிள்ளை" என்றார் ஆண்டியப்பன். வாட்சர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஆண்டியப்பன் என் எதிரே வந்து குந்தினார். என் கையைப் பார்த்தார். முழங்கை வரை நெருப்புச் சுட்ட தழும்புகள், தோலுக்குள் ஏறிய கரித்தூள்.

"கணக்கு எழுதற கையாங்க இது?"

நான் புளியைக் கீழே வைத்தேன்.

"வண்டிய நிறுத்தனது நீங்கதானா?"

"நான் ஒருத்தன் மட்டும் இல்லீங்க. ஆனா நானும்தான்."

"எப்ப ஓட்டுவீங்க?"

"தெரியாதுங்க."

"ஓட்றவருக்கே தெரியாதுன்னா யாருக்குத்தான் தெரியும்?"

சின்னப்பொண்ணு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்க இன்னா பண்ணோம் உங்களுக்கு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சங்கக் கூட்டங்களில் நான் நன்றாகவே பேசுவேன். நிர்வாகத்துக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது, போலீஸுக்கும் இருந்தது. அவை அந்த அம்மாளுக்கானவை அல்ல. எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னேன். நெருப்புக்கு முன்னால் நிற்பது, தூக்கமில்லாமல் ஓடுவது, குழந்தையின் முகத்தை எப்போதாவது பார்ப்பது. இருவரும் கடைசி வரை கேட்டார்கள்.

"அப்டீன்னா நிறுத்த வேண்டியதுதான்" என்றார் ஆண்டியப்பன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உப்பு வோணுமே" என்றார்.

இரண்டும் உண்மை. வேலைநிறுத்தம் சரியா தப்பா என்று இன்றும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர் சொன்ன இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் பதிலாகச் சொல்வது வழக்கம். அன்று மத்தியானம் சின்னப்பொண்ணு களி கிண்டினார். உப்பில்லாத களியும் உப்பில்லாத கீரையும். எனக்கு வைத்ததும் அவர்களுக்கு வைத்ததும் ஒரே அளவு. அதைத் தொண்டையில் இறக்க நான் பட்ட பாட்டை அவர் பார்த்திருப்பார்.

மறுநாள் ஆண்டியப்பன் புளியைச் சுமந்துகொண்டு அடிவாரச் சந்தைக்குக் கிளம்பினார். பதுக்கி வைத்திருக்கிற கடைக்காரன் யாராவது புளிக்கு மாற்றாக உப்பு தருவான் என்ற நம்பிக்கை. இரண்டு சுமை போனால்தான் பேச முடியும். கூட வர ஆளில்லை. நான் ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

"கீழ போலீஸ் இருக்கும், வோணாங்க" என்றார்.

"உப்பு வோணும்னீங்களே" என்றேன்.

யோசித்துச் செய்த காரியம் என்று சொல்லமாட்டேன். பிடிபட்டால் எனக்கு மட்டுமல்ல, என்னை வைத்திருந்த அவருக்கும் ஆபத்து. அதைச் சொன்னேன். "வழில பாத்த ஆளு, சொமை தூக்க வந்தாருன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

சந்தையில் கூட்டம் குறைவு. புளிய மரத்தடியில் மூட்டையை இறக்கி நிமிர்ந்தேன். பத்தடி தூரத்தில் ஒரு போலீஸ் ஜீப். இரண்டு காவலர்கள் வருகிறவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் டிரைவர் நின்றிருந்தார்.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய எஞ்சினில்தான் நான் ஒரு வருஷமாக ஃபயர்மேன். வேலைநிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் முன்வரிசை ஆள். அந்த வெளிறிய புகை யாருடையது என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. வேலைக்குத் திரும்பியவரை, ஆள் அடையாளம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஓடினால் முடிந்தது. நான் ஓடவில்லை. தாடியும் அழுக்கு வேட்டியுமாக இருந்தாலும், ஒரே நெருப்பின் முன்னால் தோளோடு தோள் நின்றவனை அவருக்குத் தெரியாதா? என் கண்ணை நேராகப் பார்த்தார். ஒரு காவலர் என்னைக் காட்டி, "இவன்?" என்றார்.

"நம்ம ஆளு இல்லீங்க. மலைக்காரன்" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப் கிளம்பிப் போனது. ஆண்டியப்பன் இரண்டு சுமைப் புளியையும் கொடுத்து ஒரு சின்னப் பை கல் உப்பு வாங்கினார். ரொம்ப மோசமான பேரம். அவருக்கும் தெரியும், கடைக்காரனுக்கும் தெரியும். மலை ஏறும்போது அவர் ஒரு வளைவில் நின்று கேட்டார்.

"அந்த ஆளுக்கு உங்களத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"பின்ன ஏன் இல்லன்னாரு?"

"அவன் கருங்காலி" என்றேன். அப்போது என் வாயில் வந்தது அதுதான். எங்களை விட்டுவிட்டு எஞ்சினில் ஏறியவன். காட்டிக்கொடுக்காததற்காக நன்றி சொல்லும் மனம் எனக்கு இல்லை.

ஆண்டியப்பன் தலையை ஆட்டினார். "எங்க பக்கம் ஊர வுட்டுத் தள்ளி வெப்பாங்க. தள்ளி வெச்ச ஆளு மூஞ்சி அப்பிடித்தான் இருக்கும்" என்றார். பிறகு நடந்தார்.

மே முடிவதற்குள் வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தி எனக்குச் சந்தையிலிருந்து மேலே வந்த உப்பு மூட்டையோடுதான் வந்தது. அதற்குள் ஒரு மழை பெய்து, ஆண்டியப்பன் வீட்டுப் புளியில் பாதி கெட்டிருந்தது. சின்னப்பொண்ணு கெட்டதைத் தனியாக அள்ளிக் கொட்டுவதை நின்று பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

இறங்கி வந்தேன். குடியிருப்பில் எங்கள் வீடு பூட்டியிருந்தது. ஷெட் வாசலில் வேலைநீக்க உத்தரவு ஒட்டியிருந்தது. என் பெயர் அதில் இருந்தது. வசந்தா குடியாத்தம் பக்கத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தான், என்னைக் கண்டு அழுதான்.

அன்று வசந்தா சொன்னாள். நான் போன மறுவாரம் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்களாம். குழந்தையோடு வெயிலில் நின்றவளை அந்த டிரைவரின் மனைவி வந்து கூட்டிப் போனாராம். இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான்.

"அப்பறம் அவரு வூட்டுக்கும் வந்தாங்க. நீ வேலைக்கு வரலன்னா இந்த வூடும் காலின்னாங்க. அவரு எங்க எல்லாரையும் ஒருவாட்டி பாத்தாரு. சட்டைய மாட்டிக்கினு போய்ட்டாரு."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா, கருங்காலி வூட்ல சோறு தின்னோம்னு உங்க பேரும் கெடும்னாரு. பழி என் ஒருத்தனோட போவட்டும்னாரு."

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கும் மேல் நான் ரயில்வேக்கு வெளியே இருந்தேன். காதர் பாயின் கிடங்கில் மூட்டை தூக்கினேன். புளிக் காலத்தில் ஆண்டியப்பன் வருவார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரயிலுக்காரரே, வண்டியத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்று கேட்பார். இல்லை என்பேன். "குடுப்பாங்க" என்பார். என்னை ரயிலுக்காரன் என்று கூப்பிட அந்த நாட்களில் அவர் ஒருவர்தான் இருந்தார். கிடங்குக்குப் பின்னால் ரயில் பாதை. சரக்கு வண்டி போகும்போதெல்லாம் நான் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி நிற்பேன். பழகிய ஃபயர்மேன்கள் சிலர் கை காட்டுவார்கள். சிலர் பார்க்காத மாதிரி போவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை போனவனைப் பார்ப்பது எல்லோருக்கும் பயம்.

ஆட்சி மாறியது. எங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை ஷெட்டுக்குப் போனால் மாலை போட்டு வரவேற்றார்கள். பலகையில் டூட்டி எழுதியிருந்தது. என் பெயருக்கு மேலே, அதே டிரைவரின் பெயர்.

அத்தனை வருஷமும் அவருடன் யாரும் பேசியதில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அவரோடு போகும் ஃபயர்மேன்கள் கரி போடுவார்கள், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும், கைகாட்டியின் கை ஏறியிருக்கிறதா, இறங்கி வழி விட்டிருக்கிறதா என்று பார்த்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீராவி எஞ்சினில் அது இன்னும் முக்கியம். வளைவில் பாய்லர் மறைத்துவிடும், ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. இவர் சொன்னால் யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்களாம். கட்டாயம் என்றால் கையைக் காட்டுவார்களாம். வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் ஊமைகளாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஏறாத. ஒடம்பு சரியில்லன்னு சிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ. நாங்க பாத்துக்கறோம்" என்றார் சங்கத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர். என் கழுத்தில் மாலை போட்டவரும் அவர்தான்.

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். டிரைவர் கதவோரம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. பேசினால் அவர் மூடி வைத்ததைத் திறக்கிறேன். பேசாவிட்டால் அவர் சாகும்வரை இப்படித்தான். யோசிக்க நேரமில்லை.

"நான் மலையில இருந்தப்ப, என் பொண்டாட்டி புள்ளைக்கு அவரு வூட்லதான் சோறு" என்றேன். "அந்த வூட்டக் காப்பாத்தத்தான் அவரு ஏறனாரு. நான் அவரோட போறேன்."

மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. சிலர் பிறகு அவருடன் பேச ஆரம்பித்தார்கள். சிலர் கடைசி வரை பேசவில்லை, என்னிடமும்தான். என் மூத்த தோழர் அதற்கப்புறம் என் வீட்டுப் படியேறவே இல்லை. அதற்கும் நான் தயாராகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

எஞ்சினில் ஏறினோம். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பெட்டியை வைத்துவிட்டுத் தன் பக்கம் போய் நின்றார். ஏன் சொன்னாய் என்று கோபமா, என்ன என்று முகத்தில் தெரியவில்லை. நான் கரியை அள்ளிப் போட்டேன். கை மறக்கவில்லை. வண்டி கிளம்பியது. குடியிருப்பு போயிற்று, ஊர் போயிற்று, கிழக்கே மலை முழுவதும் தெரிந்தது. அடுத்த ஸ்டேஷனின் அவுட்டர் கைகாட்டி அவர் பக்கம் வந்தது.

அவர் வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். யாருக்கும் சொல்லாதது போல, மெல்லிய குரலில் சொன்னார்.

"அவுட்டர் இறங்கியிருக்கு."

சொல்லிவிட்டு, பதில் வராது என்று பழகிப்போனவராக, நீராவியைத் திறக்கும் ரெகுலேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"இறங்கியிருக்குண்ணா" என்றேன்.

அந்தக் கை அப்படியே நின்றது. பிறகுதான் ரெகுலேட்டரைப் பிடித்துத் திறந்தார்.

உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவர் மேல் உங்களுக்கு என்ன கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவர் சிக்னலைச் சொன்னால், உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள்.